ஐந்தாவது சுவர் எழுத்து எங்கே?

திருகோணமலைப் பக்கம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2018இல் வந்த கேம்தான், என் கைக்கு இப்போதுதான் கிடைத்தது.

கேமில் வரும் செயின்ட் டெனிஸ் நகரில் ரத்தக்காட்டேரியைப் பற்றிய ஐந்து சுவர் எழுத்துகளில் நான்கைக் கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தும் கிடைத்தால் வரைபடத்தில் ஐந்துமுனை நட்சத்திரம் விழும். அதன் நடுவில் நள்ளிரவு தாண்டியதும் அவன் நிற்பான். அந்த ஐந்தாவதுதான் அகப்படவில்லை. மூன்று இரவாகச் சந்து சந்தாக விளக்கோடு அலைகிறேன். நேற்று கரண்ட் வேறு போய், சேவ் பண்ணாததெல்லாம் போச்சு. நடுச்சாமத்தில் பேய் தேடுவது அம்மாவுக்குத் தெரிந்தால் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டிவிடுவார்!

வீடியோ வேண்டாம், சுவாரசியம் போய்விடும். சந்தைப் பக்கமா, சேமக்காலைப் பக்கமா என்று மட்டும் சொல்லுங்கோ. அப்புறம், அந்த நகரம் இருக்கும் லெமொயின் மாநிலத்தில் அதிகாலை 3 மணிக்கு வரும் பேய் ரயிலை யாராவது பார்த்தீர்களா?