இணைய லைன் விட்டு விட்டு வரும் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நான்கு பிள்ளைகள் ஒரே கட்டுரையைச் சேர்ந்து எழுத: செயலியை எப்படி அமைப்பது?

சிப்புட்_மாலைவகுப்பு:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகளுக்கான செயலி இது. ஆண்டு 5, குழுவுக்கு 4 பேர், எல்லாம் கைப்பேசியில்தான். இப்போது ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டுரையும் சர்வருக்குப் போகிறது. கடைசியாகச் சேமித்தவர் எழுதியதுதான் மிஞ்சுகிறது. ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுத முடியாதபடி பூட்டு வைத்துப் பார்க்கலாமா?

வரப்பு:
பூட்டு வேண்டாங்க. பூட்டியவருக்கு லைன் போய்விட்டால் மற்ற மூவரும் காத்துக் கிடக்க வேண்டும். பலர் தனித்தனியே செய்த மாற்றங்களைத் தானே இணைக்கும் சிஆர்டிடி (CRDT) முறைக்கு மாறுங்கள். அதற்கு ஒய்ஜேஎஸ் (Yjs) என்ற நிரல் நூலகம் போதும். எழுதுவது முதலில் கைப்பேசி உலாவியின் உள்சேமிப்பான இண்டெக்ஸ்டு டிபியில் (IndexedDB) பதியும். லைன் வந்ததும் சர்வரிடம் இல்லாத மாற்றங்கள் மட்டும் போகும், டேட்டாவும் மிச்சம். எந்த வரிசையில் போய்ச் சேர்ந்தாலும், ஒரே மாற்றம் இரண்டு தடவை போனாலும், எல்லாரிடமும் ஒரே கட்டுரைதான் இருக்கும்.

பலரும் சறுக்குவது இங்கே: பக்கம் திறக்கும்போது தலைப்பையும் கேள்விகளையும் செயலியே எழுதிவிடும். நால்வரும் லைன் இல்லாமல் திறந்தால், இணைந்தபின் தலைப்பு நான்கு தடவை நிற்கும். அந்தத் தொடக்க வார்ப்பை சர்வரில் ஒரே ஒரு முறை உருவாக்கி அனுப்புங்கள். அதேபோல், ஒவ்வொரு எழுத்துக்கும் முழுப் பத்தியை அழித்துத் திரும்பச் செருகாதீர்கள். இருவர் அப்படிச் செய்தால் பத்தி இரட்டிக்கும். மாறிய இடத்தை மட்டும் அனுப்பவும்.

மெய்யெழுத்து:
தமிழுக்கென்று ஒன்று. 'கொ' நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் க, ஒகரக் குறி என இரண்டு குறியீடு. சில விசைப்பலகைகள் அந்தக் குறியையே ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து உள்ளிடும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் தேடினால் அகப்படாது. தேடும்போதும் ஒப்பிடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அழிக்கும்போது எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டும் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) கொண்டு முழு எழுத்தாக அழியுங்கள். க மட்டும் போனால் குறி புள்ளி வட்டத்தோடு தொங்கும்.

கரும்பலகை:
இணைப்பு சரியானாலும் வேகமாகத் தட்டும் பிள்ளையே முழுக்க எழுதிவிடும். அதற்கு 1971இல் டெக்சஸின் ஆஸ்டினில் உளவியலாளர் எலியட் அரொன்சன் தொடங்கிய, தலைப்பை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுக்கும் ஜிக்சா முறை இருக்கிறது. தலைப்பு ரப்பர் என்றால், 1877இல் கோலகங்சாருக்கு வந்த கன்றுகள் ஒருவருக்கு, பால்மரம் சீவும் முறை ஒருவருக்கு, லயத்து வாழ்க்கை ஒருவருக்கு, செம்பனைக்கு மாறியது ஒருவருக்கு. முதல் 15 நிமிடம் அவரவர் குறிப்பு மட்டும் தெரியட்டும், பிறகு பொதுப் பக்கம் திறக்கட்டும்.

யார் எழுதியது என்று ஆசிரியருக்குக் காட்ட ஒய்ஜேஎஸ் தானே கொடுக்கும் கிளையன்ட் எண்ணை நம்பாதீர்கள். திறக்கும்போதெல்லாம் அது மாறும். அண்ணன் தங்கை ஒரே கைப்பேசியில் எழுதுவார்கள். திறந்ததும் பெயரைக் கேட்டு, அந்த எண்ணோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

சிப்புட்_மாலைவகுப்பு:
மிக்க நன்றி. கைப்பேசியில் இடம் நிரம்பினால் உலாவி அங்கே சேமித்த கட்டுரையை அழித்துவிடுமா?

வரப்பு:
அழித்துவிடக்கூடும். நிரந்தரச் சேமிப்புக்கு உலாவியிடம் அனுமதி கேளுங்கள், மறுக்கவும் செய்யும். அதனால் 'இன்னும் அனுப்பவில்லை' என்ற அடையாளம் திரையில் எப்போதும் தெரியட்டும். அது மறையும்வரை லைன் உள்ள இடத்தில் செயலியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.