பாட்டி பேசும் லம்பாடி என் மகளுக்கு வருமா?

தண்டாப்பொண்ணு:
வணக்கம். எங்கள் ஊர் அரூர் பக்கம் ஒரு தண்டா, லம்பாடி மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. வேலை ஓசூரில், கல்யாணமாகி இங்கேயே குடித்தனம். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என் மகளைப் பார்த்து "பாணி" என்று கேட்டார், தண்ணீர் வேண்டுமாம். நாலு வயதுப் பிள்ளை சொம்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தது. நான் தமிழில் சொன்ன பிறகுதான் ஓடிப்போய் மொண்டு வந்தாள். பாட்டி ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எனக்கே லம்பாடி புரியும், பேச வராது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்று அம்மா எங்களிடம் தமிழிலேயே பேசி வளர்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் சிறுவயதில் பட்டது அப்படி. மொழிக்குத் தனி எழுத்தும் கிடையாது. பாட்டி பேசுவதையெல்லாம் போனில் பதிவு செய்து வைத்தால் போதுமா? எழுதுவதென்றால் எந்த எழுத்தில் எழுதுவது? நாலு வயதுக்கு மேல் ஆரம்பித்தால் பிள்ளைக்கு வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் டீச்சர்:
முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன் அம்மா. வரும், தாராளமாக வரும். நாலு வயது ரொம்ப நல்ல வயது.

அழியும் நிலையில் இருக்கும் மொழிகளை யுனெஸ்கோ படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் தாய்மொழியாகக் கற்பது நின்றுவிட்டால் ஒரு படி. தாத்தா பாட்டி பேசுகிறார்கள், அப்பா அம்மாவுக்குப் புரிகிறது ஆனால் பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்றால் அதற்கும் மோசமான அடுத்த படி. உங்கள் வீடு அந்தப் படியில் நிற்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, பாட்டி நல்லபடியாக இருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

பதிவு மட்டும் போதாது. அந்தமானில் 'போ' என்று ஒரு மொழி இருந்தது. அதைப் பேசிய கடைசிப் பாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். அவருடைய பேச்சையும் பாட்டையும் மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி பதிவு செய்திருந்ததால் குரல் மிஞ்சியது. ஆனால் அந்தப் பாட்டிக்குக் கடைசி வருஷங்களில் தன் மொழியில் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் வேறு மாதிரி செய்தார்கள். பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகளை மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்களிடம் விட்டார்கள். பகல் முழுக்க மாவோரிதான், சோறு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் அதிலேயே. மொழிக்கூடு என்று பெயர். பெரிய கட்டடமெல்லாம் வேண்டாம், உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணை போதும்.

அதற்காகப் பதிவை விட்டுவிடாதீர்கள். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, முதலில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். "மரத்துக்கு என்ன, மாட்டுக்கு என்ன" என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டால் பாவம், பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும். களி கிண்டும்போது, கோழியைத் துரத்தும்போது, பக்கத்து வீட்டு அம்மாவோடு வம்பு பேசும்போது எடுங்கள். வாக்கியம் எப்படி ஓடுகிறது என்பது அதில்தான் கிடைக்கும். எடுத்ததை ரெண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும்.

காரிமங்கலம் குமார்:
மனசு நோகக் கூடாது, ஆனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், நாளைக்குப் பெங்களூரில் வேலை என்றால் கன்னடமும் வேண்டும். வெளியே யாரும் பேசாத ஒரு மொழியை எதற்குத் தலையில் ஏற்ற வேண்டும்? நான் இங்கிலீஷ் வராமல் மூன்று இன்டர்வியூவில் திரும்பி வந்தவன், அந்த வலியில் சொல்கிறேன்.

தேன்கனிக்கோட்டை ரவி:
குமார் அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஓசூர் சந்தையில் காய் விற்கிற அம்மாவைப் பாருங்கள். தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை கொடுப்பார். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகணும் என்று கணக்கு இல்லை. இங்கிலீஷ் வராததற்குக் காரணம் வீட்டில் பேசிய மொழி இல்லை அண்ணா, சொல்லிக்கொடுத்த விதம்.

சகோதரி, லம்பாடியை வெளியே யாரும் பேசவில்லை என்பதும் சரியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32 லட்சம் பேருக்கு மேல் லம்பாடியைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். தெலங்கானா, ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா எல்லா இடத்திலும் தண்டாக்கள் உண்டு. ஆனால் கணக்கெடுப்பில் அதை இந்திக்குக் கீழே சேர்த்துவிடுகிறார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் அது இல்லை. மொத்தத்தில் லட்சக்கணக்கானோர் பேசுவதால் அழியும் மொழி என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை, ஆனால் ஒவ்வொரு தண்டாவாக அணைந்துகொண்டு வருகிறது. எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான்.

எழுத்து விஷயம். தெலங்கானாவில் தெலுங்கு எழுத்திலும் கர்நாடகாவில் கன்னட எழுத்திலும் மகாராஷ்டிராவில் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள். நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் வீட்டில் எல்லோரும் வாசிக்கத் தெரிந்த எழுத்து அதுதான். ஒரே சிக்கல், நம் க, ட, த, ப எழுத்துக்கள் ரெண்டு மூன்று ஒலிக்குப் பொதுவாக நிற்கும். அதற்கு வழி பழைய சுலோகப் புத்தகங்களிலேயே இருக்கிறது, எந்த ஒலி என்று காட்ட க², க³, ப³ என்று மேலே எண் போட்டிருப்பார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பண்டிதர் வந்து எழுத்து முடிவு செய்யட்டும் என்று காத்திருந்தால் பாட்டிக்கு வயது நிற்காது.

அப்புறம், உங்கள் பக்கத்திலேயே சித்தேரி மலையடிவாரத்து சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற பெயரில் எம்பிராய்டரி செய்கிறார்கள். அந்த மொழியில் பெருமை என்று அர்த்தமாம். மறந்துபோய்க்கொண்டிருந்த தையலை வயதான பெண்களிடம் இளையவர்கள் கற்று மீட்டார்கள். கைவேலையை அப்படி மீட்க முடிந்தது என்றால் பேச்சையும் பக்கத்தில் உட்கார்ந்து மீட்கலாம். ஒரு நடை போய்ப் பாருங்கள்.

காரிமங்கலம் குமார்:
சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். என் ஆயா பேசிய எத்தனையோ வார்த்தை எனக்கே மறந்துபோச்சு. அதை யோசிக்கவே இல்லை.

பென்னாகரம் டீச்சர்:
அம்மா, ஒன்று விட்டுவிட்டேன். பிள்ளைக்கு மட்டும் இல்லை, நீங்களும் பேச ஆரம்பிக்கணும். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. புரிகிறது என்பதே பாதிக்கு மேல், வாய் திறப்பதுதான் பாக்கி. பிள்ளை தமிழில் பதில் சொன்னால் திட்டாதீர்கள், நீங்கள் லம்பாடியிலேயே தொடருங்கள். எங்கள் வகுப்பில் வீட்டுமொழி வேறாக இருக்கும் பிள்ளைகளை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். திட்டினால் ரெண்டு மொழியிலும் வாயை மூடிக்கொள்ளும்.

தண்டாப்பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரையில் பஸ் மாறி ஊருக்குப் போனோம். போனைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு டீச்சர் சொன்ன மாதிரி பாட்டியைப் பாட்டியாகவே விட்டுவிட்டேன். நாற்பது நிமிஷம் கிடைத்திருக்கிறது, பாதி கோழியைத் திட்டுவது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, இந்தத் திட்டு வார்த்தை தன் அம்மா வாயில் கேட்டு முப்பது வருஷம் ஆச்சு என்றார், அப்படியே பாட்டியோடு லம்பாடியில் பேச ஆரம்பித்துவிட்டார். என் எதிரில் அம்மா இவ்வளவு நேரம் லம்பாடி பேசி நான் பார்த்ததே இல்லை.

நான் பேசியபோது பாட்டி சிரித்தார், பிறகு மெதுவாகத் திருத்தினார். அம்மாவை "யாடி" என்று கூப்பிட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "யாடி, பாணி" என்றாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

அடுத்த மாதம் பள்ளி லீவில் பதினைந்து நாள் அவளைப் பாட்டியிடமே விடப் போகிறேன். தண்டாவில் இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் அனுப்புகிறோம் என்றார்கள். ரவி அண்ணா, அந்த எண் போடும் முறையில் ஒரு நோட்டு ஆரம்பித்திருக்கிறேன், ஆனால் 'பா³டி' என்பதில் எண்ணை எங்கே போடுவது, துணைக்காலுக்கு முன்னாலா பின்னாலா?