அரசே கன்டெய்னர் கப்பல் கம்பெனி நடத்தினால் நம் ஃப்ரெய்ட் (கப்பல் கட்டணம்) குறையுமா?

பனியன்நகர்:
திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். 2021-ல் காலி கன்டெய்னர் கிடைக்காமல் திண்டாடினோம். கிடைத்த பெட்டியில் சரக்கை ஏற்றி சீல் வைத்து தூத்துக்குடிக்கு அனுப்பினால், லைன்காரர்கள் (கப்பல் கம்பெனிக்காரர்கள்) இந்த வாரம் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். கோடைக்கு விற்க வேண்டிய டி-சர்ட் யார்டிலேயே கிடந்தது. 2024-ல் செங்கடல் பிரச்சினை. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் மறுபடியும் அதே பாடு. அரசே ஒரு தேசியக் கப்பல் கம்பெனி தொடங்கினால் விடிவு வருமா? ஏற்கெனவே எஸ்.சி.ஐ. (ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா) என்ற அரசு கம்பெனி இருக்கிறதே, அது ஏன் எங்கள் கண்ணில் படுவதே இல்லை?

கொற்கைக்கரை:
கட்டாயம் வேண்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். போட்டியாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றியது. ஜனங்கள் போட்ட பங்குப் பணம் அதற்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? அந்த மாதிரி அடியைத் தாங்க அரசு கஜானா பின்னால் நிற்க வேண்டும்.

பெர்த்ஓரம்:
தம்பி, நான் தூத்துக்குடியில் ஷிப்பிங் ஏஜென்சி வேலையிலேயே ஓய்வு பெற்றவன். கொற்கைக்கரை சொல்வது சரிதான். ஆனால் கஜானா கப்பலைத்தான் வாங்கித் தரும், சரக்கைப் பிடித்துத் தராது.

உங்கள் இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி’ என்றுதானே இருக்கிறது? அப்படியானால் ஃப்ரெய்ட் கொடுப்பது பையர், லைனை முடிவு செய்வதும் பையர். ஹாம்பர்க்கில் இருப்பவர் தன் ஃபார்வர்டரை (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) நாமினேட் பண்ணுவார். அந்த ஃபார்வர்டர் தான் ஒப்பந்தம் போட்டிருக்கும் லைனில்தான் ஏற்றுவார். அரசுக் கப்பல் பக்கத்து பெர்த்தில் காலியாக நின்றாலும் உங்கள் பெட்டி அதில் ஏறாது.

எஸ்.சி.ஐ. 1961 அக்டோபர் 2-ல் ஈஸ்டர்ன், வெஸ்டர்ன் என்ற இரண்டு அரசு கம்பெனிகளை இணைத்து உருவானது. அதன் பலம் பெரும்பாலும் எண்ணெய் டேங்கரிலும், நிலக்கரி போன்ற சரக்கை மொத்தமாக ஏற்றும் பல்க் கேரியரிலும்தான். கன்டெய்னர் கப்பல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

அது எங்கே நன்றாக ஓடுகிறது என்று பாருங்கள். கத்தாரிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்கு எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கொண்டுவரும் ‘திஷா’ கப்பலில் ஜப்பானியக் கம்பெனிகளோடு எஸ்.சி.ஐ.க்கும் பங்கு உண்டு. 2004 முதல் ஓடுகிறது. அந்த எரிவாயுவை இறக்குமதி செய்யும் பெட்ரோநெட் கம்பெனியோடு 25 வருட ஒப்பந்தம் இருந்ததால் நம்பிக் கப்பல் கட்டினார்கள். அரசு எண்ணெய் கம்பெனிகளின் கச்சா எண்ணெயும் இப்படித்தான். வாங்குபவர் நம் ஆள், கப்பலைச் சொல்வதும் நம் ஆள். 1957-லேயே டிரான்ஸ்சார்ட் என்ற பிரிவை வைத்து, அரசுச் சரக்குக்குக் கப்பல் பிடிக்கும் பொறுப்பை டெல்லி தன் கையில் வைத்துக்கொண்டது இதற்காகத்தான். 1980-களின் கடைசியில் நம் வெளிநாட்டுச் சரக்கில் 40 சதவீதம் வரை இந்தியக் கப்பல்களில் போனது. இன்று 5 சதவீதம் அளவுக்கு வந்து நிற்கிறது. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 2020 டிசம்பரில் எஸ்.சி.ஐ.யில் அரசு தன் 63.75 சதவீதப் பங்கை விற்க விருப்ப மனுவே கேட்டது. விற்பனை முடியவில்லை, அந்த வரைக்கும் நல்லது.

பனியன்நகர்:
ஆமாம் சார், எங்களுடையது பெரும்பாலும் எஃப்.ஓ.பி.தான். ஆனால் ஃப்ரெய்ட் ஏறினால் பையர் எங்கள் விலையில்தான் கை வைக்கிறார். கொடுப்பது அவர், நஷ்டம் எங்களுக்கு. இதற்கு வழியே இல்லையா?

அலைகடல்:
லாபக் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பலை ஒரு தனியார் லைன் ஆசைப்பட்டு நடத்துமா? அங்கே அரசு இருந்தே ஆக வேண்டும்.

பெர்த்ஓரம்:
அலைகடல், முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

பனியன்நகர், வழி இருக்கிறது, ஆனால் உங்கள் ஊர் சேர்ந்து செய்ய வேண்டும். நம் பெட்டிகளில் நிறைய ஃபீடரில் (பெரிய துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டுபோகும் சின்னக் கப்பல்) கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலில் ஏறுகின்றன. இப்போது கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகமும் திறந்துவிட்டது, பெரிய கப்பல் அங்கேயே வருகிறது. அரசு கம்பெனி முதலில் தூத்துக்குடி–விழிஞ்ஞம் ஃபீடர் ஓட்டட்டும். கூடவே திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பத்து, இருபது பேர் சேர்ந்து, வாரத்துக்கு இத்தனை பெட்டி என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம், சின்ன பையர் ஒருவரிடமாவது அடுத்த ஆர்டரை சி.ஐ.எஃப்.-ல் (ஃப்ரெய்ட்டும் இன்ஷூரன்ஸும் நீங்கள் கட்டி, லைனையும் நீங்களே முடிவு செய்யும் முறை) கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் இங்கே சொல்லுங்கள், எந்தெந்த சர்சார்ஜை (கூடுதல் கட்டணம்) கோட்டேஷனில் சேர்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.