மண்ணீரல் இருந்தும் வேலை செய்யவில்லையாம்: மெனிங்கோகாக்கல் தடுப்பூசி எங்கே கிடைக்கும்?

கடலூர், புதுச்சேரி உறவுகளுக்கு வணக்கம். முதுநகரில் இருக்கும் என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 41, பல வருடங்களாக லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்). போன வாரம் வந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையின் கடைசியில் ‘ஹோவெல்-ஜாலி துகள்கள்’ என்று ஒரு வரி. ஸ்கேனில் மண்ணீரல் அதன் இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் சிறுத்திருக்கிறது.

மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நுழைந்து வரும்போதுதான் சிவப்பணுவுக்குள் தங்கிவிட்ட உட்கருவின் மிச்சம் நீக்கப்படுகிறதாம். மீனுக்கு முள் எடுப்பது போல என்றார் மருத்துவர். அந்த மிச்சம் இரத்தத்தில் அப்படியே தெரிந்தால் மண்ணீரல் என்ற சல்லடை ஓய்ந்துவிட்டது என்று பொருள். மண்ணீரலை அறுத்து எடுத்தவர்களுக்குத்தான் இந்த நிலை என்று நினைத்திருந்தேன். லூபஸிலும், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் என்ற குடல் நோயிலும்கூட வருமாம். அரிவாள் செல் சோகையில் இரத்தக் குழாய்கள் திரும்பத் திரும்ப அடைபட்டு மண்ணீரலே வற்றிப்போகிறதாம்.

மண்ணீரல் ஓய்ந்தவர்களுக்கு நியூமோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய பாக்டீரியாக் கிருமிகள்தான் ஆபத்து. காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அக்காவோ மிளகு ரசம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்பவள்!

இந்த வகைக் கிருமிகளுக்கு எதிரான நியூமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சா பி) தடுப்பூசிகள் எழுதித் தந்திருக்கிறார். மஞ்சக்குப்பத்தில் நான்கு மருந்துக் கடைகள் ஏறி இறங்கிவிட்டேன், மெனிங்கோகாக்கல் மட்டும் இல்லை. புதுச்சேரியில் எங்கே போடுகிறார்கள், என்ன விலை? இதே நிலையில் உள்ளவர்கள் அவசரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கையில் வைத்திருக்கிறீர்களா? பப்பாளி இலைச் சாறு யோசனைகள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பெரியம்மா அனுப்பிவிட்டார்.