புதுப்பிப்பு: பல் அடைக்க மரப்பு ஊசி தேவையா?

சொத்தைப் பல்லை அடைக்க மரப்பு ஊசி கட்டாயமா என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று மயிலாப்பூரில் இரண்டு பற்களையும் அடைத்தாயிற்று. ஒன்றுக்கு ஊசி, மற்றொன்றுக்கு இல்லை.

மேல் பல்லில் சொத்தை, பல்லின் கெட்டியான வெளி அடுக்கான எனாமலோடு நின்றிருந்தது. எனாமலில் நரம்பு கிடையாது. கருவியின் அதிர்வும் தண்ணீரின் சில்லிப்பும்தான் தெரிந்தன. கீழ்க் கடைவாய்ப் பல்லில் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்கு வரை இறங்கியிருந்தது. அதன் நுண்குழல்கள் கூச்சத்தை நேரே உள்நரம்புக்குக் கொண்டுபோய்விடும். "வலித்தால் கையைத் தூக்குங்கள் சார், அப்போது போட்டுக்கொள்ளலாம்" என்றார் டாக்டர். வீரம் காட்டும் வயதில்லை எனக்கு. முதலிலேயே போடச் சொன்னேன்.

ஈறில் ஜெல் தடவி, பிறகு தாடையின் பின்புறம் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து ஊசி. கீழ்த்தாடை எலும்பு கெட்டி; பல்லுக்குப் பக்கத்தில் குத்தினால் மருந்து சரியாக ஊறாது, நரம்பையே பிடிக்க வேண்டும். அதனால் பாதி உதடும் நாக்கும் சேர்ந்தே மரத்தன. மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் சற்றே நெஞ்சு படபடக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

மரப்பு விடச் சில மணி நேரம் ஆகிறது. அதுவரை சூடான காபியும் மெல்லுவதும் கூடாது. நாக்கு வெந்தாலும் தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது.

இன்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் லேசாகக் கூசுகிறது. சில நாளில் அடங்காவிட்டால் மறுபடி காட்டப் போகிறேன்.