ரெஜிஸ்டர் மெஷின் எமுலேட்டர்: புதிய கட்டளைகளை அசெம்ப்ளரில் சேர்ப்பதா, மெஷினிலேயே சேர்ப்பதா?

சனிக்கிழமை வகுப்பு (கேள்வி)

வணக்கம். காரைக்குடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு எடுக்கிறேன். பாடத்திட்டத்திலேயே பைத்தான் இருப்பதால் அது அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் "உள்ளே என்னதான் சார் நடக்குது?" என்று கேட்டால், பைத்தானை மட்டும் வைத்து விளக்க முடியவில்லை. அதனால் மின்ஸ்கி என்ற கணினி அறிஞரின் பெயரால் வழங்கும் ரெஜிஸ்டர் மெஷின் (ரெஜிஸ்டர் என்ற எண் பெட்டிகளும் சில கட்டளைகளும் மட்டும் உள்ள எளிய கற்பனைக் கணினி) ஒன்றுக்கு எமுலேட்டரும் (அதைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) அதற்கென்று ஒரு அசெம்ப்ளரும் (எழுதிய கட்டளைகளை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றும் நிரல்) எழுதி, ஓப்பன் சோர்ஸாக வெளியிட நினைக்கிறேன். ரெஜிஸ்டர் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் சுழியோ அதற்கு மேற்பட்ட முழு எண்ணோ இருக்கும். கட்டளைகள் மூன்றுதான்:

கூட்டு அ : அ-வில் ஒன்று கூடும்.
குறை அ, இடம் : அ சுழியாக இருந்தால் அந்த இடத்துக்குத் தாவும். இல்லையென்றால் ஒன்றைக் குறைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும்.
நில் : நிற்கும்.

ஆ-வில் இருப்பதை அ-வோடு சேர்க்கும் நிரல் இது:

சுழல்: குறை ஆ, முடிவு
கூட்டு அ
குறை வெறுமை, சுழல்
முடிவு: நில்

"வெறுமை" ரெஜிஸ்டரை யாரும் கூட்டுவதில்லை. எப்போதும் சுழிதான் என்பதால் மூன்றாவது வரி கட்டாயத் தாவலாகிவிடுகிறது.

பிள்ளைகள் தாங்களே புதிய கட்டளைகளைச் சேர்க்கும்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதில் இரண்டு கேள்விகள்.

ஒன்று, "தாவு", "நகல்", "பெருக்கு" போன்றவற்றை அசெம்ப்ளரில் மேக்ரோவாக (பல அடிப்படைக் கட்டளைகளாக விரியும் ஒரு பெயராக) வைப்பதா, மெஷினுக்கே சொல்லிக்கொடுப்பதா?

இரண்டு, கட்டளைகளைத் தமிழில் எழுதினால் ரெஜெக்ஸ் (உரையில் சொற்களைத் தேடிப் பிரிக்கும் கருவி) அவற்றைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. "கூட்டு" என்று கொடுத்தால் க, ட, ட என்று மூன்று வருகிறது. என்ன செய்யலாம்?

அரைப்புள்ளி

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்ற குறியீடு எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் பிடிக்கும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் குறிகள் என்ற வகையில் வருவதால் அந்த இடங்களில் சொல் உடைகிறது. தனியாக நிறுவிக்கொள்ளும் ரெஜெக்ஸ் நூலகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உங்களுக்கு அதுவே தேவைப்படாது. காற்புள்ளியை இடைவெளியாக மாற்றிவிட்டு ஸ்பிளிட் செய்தால் போதும்.

இன்னொன்றும் பாருங்கள். "தொடர்" என்று ஒரு லேபிள் (தாவும் இடத்தின் பெயர்) வைத்தால், அதிலுள்ள "தொ" யூனிகோடில் இரண்டு விதமாக வரலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, அசெம்ப்ளருக்கு இரண்டும் வேறு வேறு லேபிள். கோப்பைப் படித்த கையோடு என்எஃப்சி முறைக்கு (இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) மாற்றிவிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக கொம்பும் ளகரமும் தட்டுகிற பழக்கத்தை அது சரிசெய்யாது. அங்கே "இப்படி ஒரு லேபிள் இல்லை" என்று வரி எண்ணோடு சொல்வது மட்டும்தான் வழி.

தாமிரபரணி

முதல் கேள்விதான் இந்த மெஷினின் உயிர் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கல்லூரியில் கணிப்புக் கோட்பாடு நடத்துகிறேன். ஆண்டுதோறும் இதே இடத்தில்தான் மாணவர்களோடு அதிக நேரம் உட்காருகிறேன்.

இரண்டிலும் சேருங்கள் சார். ஆனால் மேக்ரோ முதலில் வரட்டும். மெஷினில் நேரடியாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த மூன்றே கட்டளைகளால் ஆன மேக்ரோ ஒன்று ஏற்கெனவே இருந்தாக வேண்டும் என்று விதி வையுங்கள். மேக்ரோ இல்லாத கட்டளையை எமுலேட்டர் ஏற்கவே கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், மேக்ரோ மெஷினைத் தொடுவதில்லை. எழுதுகிறவரின் கைவலியைத்தான் குறைக்கிறது. நேரடிக் கட்டளையோ மெஷினையே வேறொன்றாக்கிவிடும். உங்கள் கூட்டல் நிரலையே எடுத்துக்கொள்வோம். ஆ-வில் 5 இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று படி வீதம் 15, கடைசியில் சுழி என்று கண்டு தாவ ஒன்று, நிற்க ஒன்று, ஆக 17 படிகள். "சேர் அ, ஆ" என்று நேரடிக் கட்டளை வைத்தால் அதே வேலை நில்லோடு சேர்த்து 2 படிகளில் முடியும். கூட்டலில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. பெருக்கலுக்கு வாருங்கள். அ-வில் 2 வைத்து "பெருக்கு அ, அ" என்று பத்து முறை ஓட்டினால் 2-இன் 1024ஆம் அடுக்கு வந்துவிடும். அது 309 இலக்க எண். "கூட்டு" மட்டும் தெரிந்த மெஷின் அதே பத்துப் படிகளில் 12-ஐத் தாண்ட முடியாது. பதினான்காவது பெருக்கலில் 4933 இலக்கம். பைத்தான் 3.11 முதல், முழு எண்ணைச் சரமாக மாற்ற 4300 இலக்கம் என்று வரம்பு இருப்பதால் அதை அச்சிடப் போனாலே பிழை வரும். பிள்ளைகள் அந்தப் பிழையைக் கண்ணால் பார்க்கட்டும். "ஒரு படி" என்றால் என்ன என்ற கேள்வி அங்கேதான் அவர்களுக்குப் பிறக்கும்.

பெருக்கலுக்கும் ஒரு படி, ஒன்று கூட்டவும் ஒரு படி என்று எண்ணினால், எந்தக் கணக்கு எவ்வளவு கடினம் என்ற அளவே குலைந்துபோகிறது. எண்ணின் நீளத்துக்கு ஏற்றபடி விலை வைக்கும் முறையைக் குக், ரெக்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 1973 கட்டுரையில் கையாண்டதற்கு இதெல்லாம்தான் காரணம். ஆகவே உங்கள் எமுலேட்டர் இரண்டு எண்ணிக்கைகளைக் காட்டட்டும்: ஓடிய கட்டளைகள் எத்தனை, அவற்றை மூன்று அடிப்படைக் கட்டளைகளாகப் பிரித்தால் எத்தனை. இரண்டாவதை ஓட்டித்தான் எண்ண வேண்டும் என்பதில்லை, சூத்திரமாகவே எழுதலாம். உதாரணத்துக்கு, ஆ-வை அழிக்காமல் காலியாக உள்ள அ-வில் நகலெடுக்க ஒரு தற்காலிக ரெஜிஸ்டர் வேண்டும். முதல் சுற்றில் ஆ-வைக் குறைத்துக்கொண்டே அ-வையும் தற்காலிகத்தையும் கூட்டுகிறோம். அடுத்த சுற்றில் தற்காலிகத்தை ஆ-வுக்குத் திருப்புகிறோம். ஆ-வில் ந என்ற எண் இருந்தால் மொத்தம் 7ந + 2 படிகள். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், விடுங்கள்.

மேக்ரோவும் நேரடிக் கட்டளையும் ஜோடியாக இருப்பதால் இன்னொரு லாபம், சோதனை தானாகக் கிடைக்கிறது. 0 முதல் 12 வரை எல்லா ஜோடி எண்களையும் கொடுத்து இரண்டையும் ஓட்டி, எல்லா ரெஜிஸ்டர்களையும் ஒப்பிடுங்கள். விடை ரெஜிஸ்டரை மட்டும் பார்த்தால் போதாது. தற்காலிக ரெஜிஸ்டர் சுழிக்குத் திரும்பாத மேக்ரோ முதல் தடவை சரியாக ஓடி, இரண்டாம் தடவை கழுத்தறுக்கும்.

மேக்ரோவுக்குள் வரும் லேபிள்களுக்கு ஒவ்வொரு விரிவாக்கத்திலும் தனி எண் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் "நகல்" இரண்டு முறை வந்தவுடன் "சுழல்" இரண்டாகிவிடும். குனு அசெம்ப்ளர், நாஸ்ம் ஆகிய நடைமுறை அசெம்ப்ளர்களிலும் இதற்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. மேக்ரோக்களை முழுவதும் விரித்த பிறகுதான் லேபிள் முகவரிகளைச் சேகரிக்க வேண்டும், அதற்கடுத்த சுற்றில்தான் அவற்றை இடத்தில் பொருத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பழைய லேப்

தாமிரபரணி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இன்டெலின் 8085 சிப்பில் பெருக்கல் கட்டளையே கிடையாது. ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்கினோம். 1978-ல் வந்த 8086-ல்தான் அது கட்டளையாக வந்தது. அதுவும் சிப்புக்குள் மைக்ரோகோடாக (சிப்பிலேயே பதிந்த சிறு நிரலாக), நகர்த்திக் கூட்டும் சுற்றாகத்தான் ஓடியது.

வடிவமைப்புக்கு எம்ஐபிஎஸ் வகைச் செயலிகளுக்கான மார்ஸ் என்ற சிமுலேட்டரின் மூலநிரலைத் திறந்து பாருங்கள். எம்ஐடி உரிமம், ஜாவா. அதில் ஒவ்வொரு அடிப்படைக் கட்டளைக்கும் எழுதும் முறை, விளக்கம், பிட் அமைப்பு, செயல்படுத்தும் நிரல் நான்கும் ஒரே இடத்தில் இருக்கும். அசெம்ப்ளரும் அதைத்தான் பார்க்கிறது, ஓட்டும் பகுதியும் அதைத்தான் பார்க்கிறது. போலிக் கட்டளைகள் (அடிப்படைக் கட்டளைகளாக விரிபவை, நம் மேக்ரோ மாதிரி) தனியாக ஒரு சாதாரண உரைக் கோப்பில் கிடக்கும். அதைத் திருத்த ஜாவா தெரிய வேண்டியதே இல்லை. இதையே பைத்தானில் ஒரு டிக்ஷனரியும் ஒரு டெகரேட்டரும் வைத்துச் செய்துவிடலாம். முக்கியம், அட்டவணை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. ஸ்பிளிட் போட்டதும் தமிழ்க் கட்டளைகள் முழுதாக வருகின்றன. மேக்ரோக்களுக்கு ஓர் உரைக் கோப்பு, நேரடிக் கட்டளைகளுக்கு ஒரு கோப்புறை, ஒரு கட்டளைக்கு ஒரு கோப்பு என்று பிரிக்கப்போகிறேன். மேக்ரோ ஜோடி இல்லாவிட்டால் ஏற்றாது.

ஒரு மாணவி கேட்கிறாள்: ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணையே இன்னொரு ரெஜிஸ்டரின் எண்ணாக எடுத்துக்கொள்ளும் கட்டளை சேர்க்கலாமா? அதற்கு மேக்ரோ எழுத வரவில்லை என்கிறாள்.

தாமிரபரணி

அருமையான கேள்வி, அவளிடம் சொல்லுங்கள். மேக்ரோ எழுத வராததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிரலை எழுதி முடித்த பிறகு அது தொடும் ரெஜிஸ்டர்கள் இவைதான் என்று உறுதியாகிவிடும். அவள் கேட்கும் மறைமுக முகவரி வந்தால் அந்த வேலி போய்விடுகிறது, எந்த ரெஜிஸ்டர் என்பது ஓடும்போதுதான் தெரியும். உங்கள் மெஷின் அங்கே ராம் (ரேண்டம் ஆக்சஸ் மெஷின், நினைவகச் சிப் அல்ல) என்று அழைக்கப்படும் வேறு மாதிரிக்குள் போய்விடும்.

ஆனாலும் அதனால் கணக்கிடும் திறன் அதிகமாகிவிடாது. இரண்டே ரெஜிஸ்டர் போதும் என்று மின்ஸ்கி 1961-லேயே காட்டிவிட்டார். மற்ற எல்லா எண்களையும் 2, 3, 5 என்ற பகா எண்களின் அடுக்குகளாக ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடலாம். ஆக அவளுக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது: ரெஜிஸ்டர் வரிசை முழுவதையும் ஒரே எண்ணாக அடைத்து, அதிலிருந்து வேண்டியதை எடுக்கும் மேக்ரோ. நீளமாக வரும், படிகள் மலைபோல் ஏறும், ஆனால் வரும். சிறிய எண்களில் தொடங்கச் சொல்லுங்கள். எமுலேட்டரில் படிகளுக்கு ஓர் உச்ச வரம்பை அமைப்பாக வைத்து, அதை எட்டினால் ரெஜிஸ்டர்களின் நிலையைக் காட்டிவிட்டு நிற்கும்படி செய்யுங்கள். அந்த மேக்ரோவைச் சோதிக்கும்போது அவளுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.