பூம்புகார் கடலாய்வுக் கூட்டம்: போஸ்டரில் '11,000 ஆண்டு' போடலாமா?

நெய்தல்வாசல்:
மயிலாடுதுறையில் அடுத்த மாதப் பொதுக்கூட்டத்துக்கு 'கடலுக்கடியில் 11,000 ஆண்டு நகரம்' என்று தலைப்பு யோசிக்கிறோம். பூம்புகார் கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலியல் நிறுவனம் கண்ட லாட வடிவ அமைப்புதான் பேசுபொருள். 11,000 என்பது பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் ஆழத்தை வைத்துச் சொன்ன காலக்கணக்கு. ஆட்சேபணை உண்டா?

வண்டல்:
உண்டு. ஆழத்தை அளந்து வயசு சொல்ல முடியாது. அதே கடலில் 19 மீட்டரில் கிடக்கும் கப்பலின் ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்று பொறித்திருக்கு.

கலங்கரை:
கப்பல் மூழ்கும் சார், கட்டடம் மூழ்காது. கடல்மட்டம் 23 மீட்டர் தாழ இருந்தது ஏறத்தாழ 9,000 வருஷத்துக்கு முன்னாடி. டெல்டா மண் அமுங்கிச்சுன்னு சொல்வீங்க. 2,000 வருஷத்தில் அவ்வளவு இறங்கணும்னா வருஷத்துக்கு 11.5 மில்லிமீட்டர். நம்புற கணக்கா?

வண்டல்:
கணக்கு சரிதான், நானும் நம்பலை. ஆனா அது மனுஷன் கட்டினதா, இயற்கைப் பாறையான்னே இன்னும் முடிவாகலை. கட்டாத ஒண்ணுக்கு ஏது கட்டிய காலம்? கல்லில் உளித்தடம் வேணும், அடிக்கல்லுக்குக் கீழே உள்ள வண்டலை எடுத்துக் காலம் பார்க்கணும். மேலே ஒட்டின சிப்பியைக் கரிமக்கணக்கில் (கரிமம் சிதைஞ்ச அளவை வெச்சு வயசு பார்க்கிற முறை) சோதிச்சா கல் எப்போ நீருக்குள்ள இருந்ததுன்னுதான் தெரியும், எப்போ வெச்சாங்கன்னு தெரியாது. அதிலும் கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருக்கும். திருத்தாம விட்டா சிப்பி சுமார் 400 வருஷம் மூப்பாக் காட்டும்.

நெய்தல்வாசல்:
அப்போ கூட்டத்துல எதைத்தான் காட்டுறது?

வண்டல்:
பூம்புகார் பக்கத்துக் கீழையூரில் தோண்டி எடுத்த பழைய படகுத்துறை போதாதா? செங்கல் மேடையோட நட்டிருந்த மரக்கம்பத்துக்குக் கரிமக்கணக்கில் கி.மு. 316, கூட்டல் கழித்தல் 103. பேச்சாளர்கள் கூட்டல் கழித்தலை விழுங்கிட்டு 'கி.மு. 316-இல் கட்டியது'ன்னு அடிச்சு விடுறாங்க. அதை 419-க்கும் 213-க்கும் நடுவுலன்னு சொன்னாலும் மூணில் ரெண்டு பங்கு வாய்ப்புதான். அதுவும் மரம் வளர்ந்த காலம். வைரம் பாய்ஞ்ச நடுப்பகுதி வெளிப்பகுதியை விடப் பழசு, அங்கே மாதிரி எடுத்திருந்தா துறை இன்னும் பிந்தியதா இருக்கும்.

கலங்கரை:
இதைச் சொன்னா கூட்டம் கொட்டாவி விடும். தலைப்புல கேள்விக்குறி போட்டுக்கலாமே?

வண்டல்:
கேள்விக்குறி யார் கண்ணிலும் படாது, 11,000 மட்டும்தான் படும். உறைகிணற்றைப் போடுங்க. அலை ஏறி இறங்கும் இடத்தில் சுடுமண் உறைகள் இருக்கு. குடிதண்ணிக் கிணத்தை யாரும் அலைக்குள்ள இறக்க மாட்டாங்க. கடல் ஏறிக் கரை ஊர்ப்பக்கமா நகர்ந்ததுக்கு அதுவே சாட்சி. நம்ம ஊர்ல உறை இறக்கினவங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கலங்கரை:
கிணறு இருக்கட்டும், லாட அமைப்பையும் விடக்கூடாது. அரை மணி நேரமாவது வேணும்.

வண்டல்:
பத்து நிமிஷம் போதும். படம் காட்டினா அளவுகோலோட காட்டுங்க. உயரத்தை இழுத்து வரைஞ்ச வெட்டுப்படத்தில் கடல்தரை மலைச்சரிவு மாதிரி தெரியும். நிஜத்தில் 5 கி.மீ.க்கு 23 மீட்டர், அதாவது 217 மீட்டர் போனா ஒரு மீட்டர் இறக்கம். வயல் வரப்பு மாதிரிதான்.

நெய்தல்வாசல்:
தலைப்பு 'கரை நகர்ந்த பூம்புகார்'. லாட அமைப்புக்குப் பதினைந்து நிமிஷம், கேள்வி நேரம் தனி.

கலங்கரை:
கேள்வி நேரத்துல பார்த்துக்கிறேன்.